ஆசிட் மழை எங்கே போனது? பாடப்புத்தகம் சொல்லாமல் விட்ட மீதிக் கதை!

ஸ்கூல் சயின்ஸ் புக்கில் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஃபேக்டரி, அதன் மேலே புகை. புகையிலிருந்து மேகத்துக்கு ஒரு அம்புக்குறி, மேகத்திலிருந்து ஒரு மொட்டை மரத்துக்கு இன்னொரு அம்புக்குறி. பக்கத்திலேயே தாஜ்மஹால். 'அமில மழை என்றால் என்ன?' என்ற கேள்விக்கு மனப்பாடம் பண்ணி பதில் எழுதிவிட்டு, அதோடு மறந்திருப்போம்.

ஆனால், 1970, 80-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது தலைப்புச் செய்தி. இன்று க்ளைமேட் சேஞ்ச் பற்றி எவ்வளவு பேசுகிறோமோ, அன்று ஆசிட் மழை பற்றி அவ்வளவு பேசினார்கள். 'உன் புகையால என் ஏரி செத்துப்போச்சு' என்று நாடுகளுக்கு நடுவே பஞ்சாயத்தே நடந்தது. இப்போ யாராவது அதைப் பத்திப் பேசிக் கேட்டிருக்கீங்களா? 'அதெல்லாம் சும்மா கிளப்பிவிட்ட பீதிப்பா' என்று சோஷியல் மீடியாவில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பிரச்னை நூறு சதவிகிதம் உண்மை. அதை அளந்தார்கள், சண்டை போட்டார்கள், சட்டம் போட்டார்கள், காசு செலவழித்தார்கள். அதனால்தான் குறைந்தது. இதையெல்லாம் எங்கே செய்தார்களோ அங்கே மட்டும்தான் குறைந்தது என்பதுதான் விஷயமே. இந்தியாவில் 2025-ல் எடுக்கப்பட்ட ஒரு முடிவைப் புரிந்துகொள்ள இந்தப் பழைய கதை தெரிந்திருக்க வேண்டும். முதலிலிருந்து வருவோம்.

நல்ல மழையும் கொஞ்சம் புளிப்புதான்!

ஒரு திரவம் அமிலமா, காரமா என்று சொல்லும் அளவுகோல்தான் பி.ஹெச். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போகப் போக அமிலம். மேலே போகப் போக காரம்.

'அப்போ சுத்தமான மழைத்தண்ணி 7-ல இருக்கும்ல?' என்று தோன்றும். இல்லை. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு மழைத்துளியில் கரைந்து, சோடாவில் இருக்கும் அதே கார்பானிக் அமிலமாக மாறுகிறது. ரொம்ப வீக்கான அமிலம்தான். அதனாலேயே மாசு இல்லாத மழையின் பி.ஹெச் 5.6 அளவில் இருக்கிறது. அதைவிட நன்றாகக் கீழே இறங்கினால்தான் அது அமில மழை. வழக்கமாக அமில மழையின் பி.ஹெச் 4.2-லிருந்து 4.4 வரை இருக்கும்.

'5.6-க்கும் 4.6-க்கும் ஒரே ஒரு பாயின்ட்தானே வித்தியாசம்' என்று நினைத்துவிடாதீர்கள். இந்த அளவுகோலில் ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடுகிறது. இரண்டு எண் குறைந்தால் 100 மடங்கு. 1974 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் பிட்லாக்ரி என்ற ஊரில் பெய்த மழையின் பி.ஹெச் 2.4. கிட்டத்தட்ட வினிகர்!

'மழையில நனைஞ்சா தோல் வெந்துடுமா?'

வெந்துபோகாது. 'நாளைக்கு ஆசிட் மழை பெய்யும், வெளியே போகாதீங்க' என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு வந்தால் தைரியமாக டெலீட் பண்ணலாம். தயிரின் பி.ஹெச் 4.5 பக்கம். அமில மழையும் ஏறக்குறைய அந்த அளவுதான். தயிரைத் தலையில் தேய்த்துக் குளிக்கிறோம், ஒன்றும் ஆவதில்லையே!

மனிதனுக்கு ஆபத்து மழையாக வருவதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. அமில மழையை உண்டாக்கும் வாயுக்கள் காற்றிலேயே மிக நுண்ணிய சல்ஃபேட், நைட்ரேட் துகள்களாகவும் மாறுகின்றன. டெல்லி காற்று மாசு பற்றிய செய்திகளில் வருமே, 'பி.எம் 2.5' என்று... அதில் இவையும் அடக்கம். நுரையீரலின் அடி ஆழம் வரை போய் ஆஸ்துமாவைக் கிளறுவதும், இதய நோய் ஆபத்தைக் கூட்டுவதும் இந்தத் துகள்கள்தான்.

வானத்தில் நடக்கும் சமையல்

அமில மழைக்கு முக்கியமான சரக்கு இரண்டு. ஒன்று, சல்ஃபர் டை ஆக்ஸைடு. நிலக்கரியிலும் எண்ணெயிலும் கந்தகம் கலந்திருக்கிறது. எரிக்கும்போது அந்தக் கந்தகம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து இந்த வாயுவாகிறது. அனல் மின் நிலையங்களும், தாமிரம், நிக்கல் போன்ற உலோகங்களை உருக்கும் ஆலைகளும்தான் இதைப் பெரிய அளவில் வெளியிடுகின்றன.

இரண்டாவது, நைட்ரஜன் ஆக்ஸைடுகள். இது எரிபொருளிலிருந்து மட்டும் வருவதில்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் முக்கால் பங்குக்கும் மேல் நைட்ரஜன்தான். சாதாரணமாக அது யார் வம்புக்கும் போகாது. இன்ஜினுக்குள்ளோ, கொதிகலனுக்குள்ளோ சூடு எக்கச்சக்கமாக ஏறும்போது ஆக்ஸிஜனோடு சேர்ந்துவிடும். அதனால் உங்கள் பைக், பஸ், லாரி, டீசல் ஜெனரேட்டர் எல்லாமே இந்த லிஸ்ட்டில் வருகின்றன.

இந்த இரண்டு வாயுக்களும் மேலே போனதும், வெயிலின் உதவியோடு காற்றில் உருவாகும் ஹைட்ராக்சில் என்ற துறுதுறு மூலக்கூறு அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. சல்ஃபர் டை ஆக்ஸைடு கந்தக அமிலமாகவும், நைட்ரஜன் டை ஆக்ஸைடு நைட்ரிக் அமிலமாகவும் மாறுகின்றன. மேகத்துளிக்குள் ஹைட்ரஜன் பெராக்ஸைடு வழியாகவும் இதே வேலை இன்னும் வேகமாக நடக்கிறது. பிறகு மழை, பனி, மூடுபனி என்று ஏதோ ஒரு வடிவத்தில் தரைக்கு வருகிறது. மழையே இல்லாமல் வாயுவாகவும் தூசியாகவும் இலை மேலும் சுவர் மேலும் படிவதும் உண்டு. அடுத்த மழை அதைக் கழுவிக் கீழே இறக்கும்.

எரிமலை, மின்னல் வழியாக இயற்கையும் இந்த வாயுக்களைக் கொஞ்சம் தயாரிக்கிறது. ஆனால், தொழிற்சாலைகள் நிறைந்த பகுதிகளில் மனிதனின் பங்குதான் பல மடங்கு.

இதில் கவனிக்க வேண்டியது, டைம். இந்தச் சமையல் முடிய சில மணி நேரத்திலிருந்து சில நாள்கள் வரை ஆகும். அதற்குள் காற்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் நகர்ந்திருக்கும். புகை ஓர் ஊரில், மழை இன்னோர் ஊரில். மொத்தப் பஞ்சாயத்துக்கும் காரணம் இதுதான்.

பெயர் வைத்தவர் ஒரு இன்ஸ்பெக்டர்

ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித், ஸ்காட்லாந்துக்காரர், வேதியியலாளர். தொழிற்புரட்சியின் தலைநகரம் மாதிரி இருந்த இங்கிலாந்தின் மான்செஸ்டரில் மழைநீரைப் பிடித்துச் சோதித்து, நகரத்தை நெருங்க நெருங்க மழையில் அமிலம் கூடுவதை 1852-ல் எழுதினார். 1872-ல் 'ஏர் அண்ட் ரெய்ன்' என்ற புத்தகத்தையும் வெளியிட்டார். 'ஆசிட் ரெய்ன்' என்ற பெயர் அவர் மூலமாகத்தான் வந்தது.

சோடா உப்பு ஆலைகளின் அமிலப் புகையைக் கட்டுப்படுத்த பிரிட்டன் 1863-ல் ஒரு சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தை அமல்படுத்தும் முதல் இன்ஸ்பெக்டராக நியமிக்கப்பட்டவரும் இவர்தான். ஆக, பிரச்னையைக் கண்டுபிடித்தவரே கண்காணிப்பாளராகவும் இருந்தார். ஆனாலும் அவர் எழுதியதை அடுத்த 100 வருஷத்துக்கு உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

'புகைபோக்கியை உயர்த்துங்கப்பா!'

1952 டிசம்பர். லண்டனை 5 நாள்களுக்கு ஒரு புகைமூட்டம் மூடியது. நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்த கலவை. முதலில் 4,000 பேர் இறந்ததாகக் கணக்கிட்டார்கள். பின்னாளில் வந்த மதிப்பீடுகள் அதை 12,000 வரை கொண்டுபோயின. 1956-ல் சுத்தமான காற்றுக்கான சட்டம் வந்தது. வீடுகளில் புகை கக்கும் நிலக்கரிக்குக் கட்டுப்பாடு வந்தது. மின் நிலையங்கள் ஊருக்கு வெளியே போயின, அவற்றின் புகைபோக்கிகள் உயர்ந்தன.

உள்ளூர்க்காரர்களுக்கு நிம்மதி. மூச்சு விட முடிந்தது. ஆனால், புகை எங்கே போச்சு?

இதற்கு உச்சபட்ச உதாரணம் கனடாவின் சட்பரி. நிக்கலும் தாமிரமும் உருக்கும் ஊர். பல பத்தாண்டுகள் கந்தகப் புகையில் சுற்றியிருந்த மரங்களெல்லாம் போய், பாறைகள்கூடக் கறுத்துப்போயிருந்தன. 1972-ல் அங்கே 381 மீட்டர் உயரத்தில் ஒரு புகைபோக்கி வந்தது. நம்ம தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து முறை அடுக்கினாலும் அந்த உயரம் வராது! ஊருக்குள் காற்று தெளிந்தது உண்மை. ஆனால், அந்தக் கந்தகம் இன்னும் அதிக உயரத்தில், இன்னும் அதிக தூரத்துக்குப் பயணம் போனது. குப்பையை அள்ளாமல் பக்கத்து வீட்டு வாசலுக்குத் தள்ளிய கதைதான்.

பக்கத்து வீட்டு வாசலில் என்ன நடந்தது?

நார்வேயின் தெற்கு ஆறுகளில் சால்மன் மீன்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஸ்வீடனில் ஏரிகள் வெறிச்சோடின. அங்கெல்லாம் சொல்லிக்கொள்கிற மாதிரி தொழிற்சாலைகளே இல்லை.

1967-ல் ஸ்வீடன் மண்ணியல் விஞ்ஞானி ஸ்வாண்டே ஓடென், அந்நாட்டுப் பத்திரிகையான 'டாகென்ஸ் நியூஹெட்டர்'-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஐரோப்பா முழுக்க மழைநீர் பற்றிச் சேர்த்திருந்த தரவுகளைக் காற்று வீசும் திசையோடு பொருத்திப் பார்த்து, பிரிட்டனிலும் மத்திய ஐரோப்பாவிலும் வரும் புகைதான் ஸ்காண்டிநேவியாவில் அமிலமாகப் பெய்கிறது என்றார். நாடுகளுக்கு இடையே நடக்கும் 'ரசாயனப் போர்' என்று அவர் சொன்னது பற்றிக்கொண்டது. 1972-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா சுற்றுச்சூழல் மாநாட்டில் ஸ்வீடன் இந்த விஷயத்தைக் கிளப்பியது.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்ட் புரூக் என்ற காடு. 1963-ல் ஜீன் லைக்கன்ஸ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் அங்கே பிடித்த மழைநீரின் பி.ஹெச் 4-க்கும் கீழே. பக்கத்தில் பெரிய ஆலை எதுவும் கிடையாது. பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மின் நிலையங்களின் வேலை அது. அதன் பிறகு அந்தக் காட்டில் மழையை அளப்பதை அவர்கள் நிறுத்தவே இல்லை. 'ஏதோ ஒரு வருஷம் அப்படி ஆகியிருக்கும்' என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாதபடி கையில் கணக்கு இருந்தது.

பட்டினியில் இளைத்த மீன்கள்

'அமிலத்தால்தான் ஏரி சாகிறது என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று ஆலைகள் தரப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானி ஒரு தைரியமான வேலை செய்தார். கனடாவின் ஒன்டாரியோவில் ஆய்வுக்காகவே ஒதுக்கப்பட்ட ஏரிகள் இருக்கின்றன. அதில் 223-ம் எண் ஏரியில், 1976-லிருந்து வருஷா வருஷம் அளந்து அளந்து கந்தக அமிலத்தைச் சேர்த்தார். 7-க்குச் சற்றுக் கீழே இருந்த பி.ஹெச், சில ஆண்டுகளில் 5-ஐத் தொட்டது.

எல்லோரும் எதிர்பார்த்தது, பெரிய மீன்கள் நேரடியாகச் சாகும் என்று. நடந்தது வேறு. பி.ஹெச் 6-க்குக் கொஞ்சம் கீழே இறங்கியதுமே சின்ன இறால் வகையும் பொடிமீன்களும் காணாமல் போயின. அவற்றைத் தின்று வாழும் ட்ரவுட் மீன்கள் உயிரோடுதான் இருந்தன. ஆனால், சாப்பிட எதுவுமில்லாமல் எலும்பும் தோலுமாக இளைத்துப்போயின. சோதனைக்கு முன்னும் பின்னும் எடுத்த மீன் போட்டோக்களைப் பார்த்தால் யாருக்கும் விளக்கமே தேவையில்லை.

அமிலம் கூடிய ஏரி பார்ப்பதற்கு அசிங்கமாக இருக்காது. பாசி, நுண்ணுயிர் எல்லாம் குறைந்து, தண்ணீர் கண்ணாடி மாதிரி, நீலமாக, இன்ஸ்டா போட்டோவுக்கு ஏற்ற மாதிரி இருக்கும். அந்த அழகுக்குக் காரணம், உள்ளே பெரிதாக எதுவும் வாழவில்லை என்பதுதான்.

மண்ணின் சேமிப்புக் கணக்கு

ஒரே மழை பெய்தாலும் எல்லா ஊரும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. மண்ணில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருந்தால், வயிற்று எரிச்சலுக்கு ஜெலுசில் குடிப்பது போல அது அமிலத்தை அடக்கிவிடும். கிரானைட் பாறை மேல் மெல்லிசாக மண் படிந்த ஸ்காண்டிநேவியா, கிழக்கு கனடா போன்ற இடங்களுக்கு அந்த வசதி இல்லை.

மண்ணில் இருக்கும் கால்சியம், மெக்னீசியத்தை ஒரு சேவிங்ஸ் அக்கவுன்ட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அமில மழையும் அதிலிருந்து கொஞ்சம் வித்டிரா பண்ணுகிறது. பேலன்ஸ் தீர்ந்த பிறகு, அதுவரை மண்ணுக்குள் சும்மா கிடந்த அலுமினியம் கரைந்து வெளியே வருகிறது. அது மரத்தின் வேரைப் பாதிக்கும். ஏரிக்குப் போனால் மீனின் செவுள்களில் படிந்து மூச்சை அடைக்கும். பி.ஹெச் 5 அளவுக்கு வந்தால் பெரும்பாலான மீன்களின் முட்டை பொரிவதே இல்லை.

இதன் தொடர்ச்சி எங்கெங்கோ போகிறது. நெதர்லாந்துக் காடுகளில் 1980-களில் பட்டாணிக்குருவி இனப் பறவைகள் ஓடு மெலிந்த, உடையும் முட்டைகளை இட்டன. ஆய்வாளர்கள் தேடிப்போனபோது கிடைத்த காரணம், நத்தை! அமில மழையால் மண்ணில் கால்சியம் குறைந்தது. ஓடு கட்ட வழியில்லாமல் நத்தைகள் குறைந்தன. நத்தை ஓட்டைத் தின்று கால்சியம் பெற்ற பறவைகள் தடுமாறின. காட்டில் நத்தை ஓடுகளையும் கோழிமுட்டை ஓடுகளையும் வைத்ததும் முட்டைகள் சரியாகிவிட்டன.

தாஜ்மஹால் மஞ்சளானது இதனாலா?

பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் கால்சியம் கார்பனேட்தான். கந்தக அமிலம் பட்டால் அதன் மேற்பரப்பு ஜிப்சமாக மாறி, மழையில் கரைந்தோ, கறுத்துப் பொருக்காக உதிர்ந்தோ போகும். ஐரோப்பாவின் பழைய சிலைகள் மூக்கும் முகமும் மழுங்கி நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தாஜ்மஹாலுக்கும் இந்த ஆபத்து உண்டு என்று வழக்கறிஞர் எம்.சி.மேத்தா 1984-ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 30 அன்று வந்த தீர்ப்பு, சுற்றியிருந்த 292 ஆலைகளை 'நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறுங்கள், இல்லையென்றால் இடத்தைக் காலி செய்யுங்கள்' என்றது. அதே நேரம், தாஜ்மஹாலின் மஞ்சள் நிறத்துக்கு மட்டும் ஆசிட் மழையைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த நிறத்துக்குப் பெரிய காரணம் தூசியும், குப்பை, விறகு, எரிபொருள் எரிப்பதில் வரும் கார்பன் துகள்களும்தான் என்று பின்னாளில் வந்த ஆய்வு காட்டியது.

விடிவு எப்படி வந்தது?

1979-ல் ஜெனீவாவில் ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது. எல்லை தாண்டும் காற்று மாசு பற்றிய முதல் பெரிய சர்வதேச ஒப்பந்தம். பனிப்போர் உச்சத்தில் இருந்தபோதும், இரு அணி நாடுகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்தன. 1985-ல் ஹெல்சிங்கியில், 1980 அளவிலிருந்து 30 சதவிகிதம் கந்தகப் புகையை 1993-க்குள் குறைப்போம் என்று பல நாடுகள் உறுதி சொன்னன. பிரிட்டனும் அமெரிக்காவும் அதில் கையெழுத்துப் போடவில்லை.

அமெரிக்காவில் 1980-களை 'இன்னும் ஆராய்ச்சி தேவை' என்ற வாதமே தின்றது. கடைசியில் 1990-ல் அதிபர் ஜார்ஜ் ஹெச்.டபிள்யூ.புஷ் காலத்தில் சட்டம் திருத்தப்பட்டது. ஐடியா சிம்பிள். நாட்டின் மின் நிலையங்கள் மொத்தமாக இவ்வளவு சல்ஃபர் டை ஆக்ஸைடுதான் விடலாம் என்று ஒரு உச்சவரம்பு. ஒரு டன்னுக்கு ஒரு பெர்மிட். உன்னிடம் பெர்மிட் மிச்சமிருந்தால் விற்கலாம், போதவில்லை என்றால் வாங்கலாம். பெர்மிட் இல்லாமல் விட்டால் டன்னுக்கு 2,000 டாலர் அபராதம். புகைபோக்கியில் எந்நேரமும் ஓடும் அளவுக் கருவி கட்டாயம். 1995-ல் இது நடைமுறைக்கு வந்தது.

'கரன்ட் பில் எகிறிடும், ஆலைகளை மூட வேண்டியதுதான்' என்ற பயமுறுத்தல்கள் பலிக்கவில்லை. சில ஆலைகள் கந்தகம் குறைந்த நிலக்கரிக்கு மாறின. சில ஆலைகள் சுத்திகரிப்புக் கருவி வைத்தன. முன்கூட்டியே போட்ட மதிப்பீடுகளைவிடக் குறைந்த செலவில் வேலை முடிந்தது. 1990-ஐ ஒப்பிட்டால் அமெரிக்க மின் நிலையங்களின் சல்ஃபர் டை ஆக்ஸைடு இன்று 90 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது.

புகையைக் குளிப்பாட்டும் கருவி

அந்தச் சுத்திகரிப்புக் கருவியின் பெயர்தான் எஃப்.ஜி.டி. இந்திய செய்திகளிலும் இந்த மூன்றெழுத்து அடிக்கடி வரும். சுண்ணாம்புக்கல்லைப் பொடியாக்கித் தண்ணீரில் கரைத்து, ஒரு பெரிய கோபுரத்துக்குள் ஷவர் மாதிரி தெளிப்பார்கள். கீழிருந்து புகை மேலேறும். வழியிலேயே சல்ஃபர் டை ஆக்ஸைடைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். நன்றாக இயங்கினால் 90 சதவிகிதத்துக்கும் மேல் பிடித்துவிடும். மிஞ்சுவது ஜிப்சம். ஆமாம், ஃபால்ஸ் சீலிங்குக்குப் பயன்படும் அதே ஜிப்சம். சிலையில் நடந்தால் சேதம், கோபுரத்துக்குள் நடந்தால் தீர்வு. வேதியியல் ஒன்றுதான்.

நைட்ரஜன் ஆக்ஸைடுக்கு, எரியும் சூட்டைக் கட்டுப்படுத்தும் பர்னர்களும், அம்மோனியா தெளித்து அதை மீண்டும் நைட்ரஜனாக்கும் முறையும் இருக்கின்றன. வண்டிகளில் அந்த வேலையை கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் செய்கிறது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்-6 வந்தபோது பெட்ரோல், டீசலில் கந்தகத்தின் அளவு 50 பி.பி.எம்-மிலிருந்து 10 பி.பி.எம் ஆகக் குறைக்கப்பட்டது. அதே 2020-ல் உலகக் கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பும் 3.5 சதவிகிதத்திலிருந்து 0.5 சதவிகிதமாக இறங்கியது.

காயம் ஆற ரொம்ப நாள் ஆகும்

புகை குறைந்ததும் மழை சீக்கிரமே சரியாகிவிட்டது. மண் அவ்வளவு சீக்கிரம் சரியாகவில்லை. பல பத்தாண்டுகளாக இழந்த கால்சியத்தைப் பாறை கரைந்து கரைந்துதான் ஈடுகட்ட வேண்டும். ஹப்பர்ட் புரூக்கில் 1999-ல் ஒரு பகுதிக்கு ஹெலிகாப்டரிலிருந்து கால்சியம் நிறைந்த கனிமத் துகள்களைத் தூவினார்கள். அடுத்த ஆண்டுகளில் அங்கிருந்த மரங்கள் தெம்பாக வளர்ந்தன. ஸ்வீடன் ஆயிரக்கணக்கான ஏரிகளில் சுண்ணாம்பு கொட்டியது. சட்பரி மக்கள் 1978-லிருந்து கறுத்த நிலத்தில் சுண்ணாம்பைத் தூவி, மரம் நட்டு, ஊரை மறுபடி பச்சையாக்கினார்கள். அந்த 381 மீட்டர் புகைபோக்கிக்கு 2020-ல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். புகையையே குறைத்துவிட்டதால் அவ்வளவு உயரம் தேவைப்படவில்லை.

சரி, நம்ம ஊர்ல?

இந்தியாவுக்கு ஒரு இயற்கைப் பாதுகாப்பு இருக்கிறது. நம்ம தூசி! கால்சியம் நிறைந்த மண் தூசி காற்றில் பறந்துகொண்டே இருப்பதால், மழையில் சேரும் அமிலத்தின் பெரும்பகுதியை அது அடக்கிவிடுகிறது. அதனால்தான் நிலக்கரி இவ்வளவு எரித்தும் வட இந்தியாவின் பல இடங்களில் மழை அமிலமாகப் பெய்வதில்லை.

ஆனால், இதை நம்பி எவ்வளவு நாள் ஓட்டுவது? இந்திய வானிலை ஆய்வு மையம் கொடைக்கானல், விசாகப்பட்டினம், புனே, போர்ட் பிளேர் உட்பட 10 நிலையங்களில் மழைநீரின் ரசாயனத்தை அளந்துவருகிறது. 2001 முதல் 2012 வரையிலான தரவுகளை அலசியபோது, பல நிலையங்களில் பி.ஹெச் குறைந்துகொண்டு வருவது தெரிந்தது. மேலும், தூசி அடக்குவது அமிலத்தை மட்டும்தான். நுரையீரலுக்குப் போகும் சல்ஃபேட் துகளை அது ஒன்றும் செய்யாது.

சீனாவைப் பாருங்கள். 2007-க்குப் பிறகு பத்தே ஆண்டுகளில் தன் சல்ஃபர் டை ஆக்ஸைடை 75 சதவிகிதம் குறைத்தது. அதே காலத்தில் இந்தியாவின் அளவு 50 சதவிகிதம் கூடியது என்று சாட்டிலைட் தரவுகளை வைத்து 2017-ல் வெளியான ஆய்வு சொன்னது.

இந்தியா சும்மா இருக்கவில்லை. 2015 டிசம்பரில் அனல் மின் நிலையங்களுக்கு முதன்முறையாக சல்ஃபர் டை ஆக்ஸைடு வரம்பை மத்திய அரசு கொண்டுவந்தது. கெடு 2017. பிறகு 2022 ஆனது, அப்புறம் மறுபடி மறுபடி தள்ளிப்போனது. 2025 ஜூலையில் விதியே மாறியது. டெல்லி வட்டாரத்துக்கோ, 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆலைகளுக்கு மட்டும் வரம்பு கட்டாயம், கெடு 2027 இறுதி. மாசு மிகுந்த சில பகுதிகளில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுப்பார்கள். மீதி, அதாவது நாட்டின் நிலக்கரி மின் உற்பத்தியில் முக்கால் பங்குக்கும் மேல், விலக்கு.

அரசு சொல்லும் காரணங்களையும் கேட்க வேண்டும். இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, பெரும்பாலும் 0.5 சதவிகிதம் அளவில்தான். நகரங்களின் காற்றில் சல்ஃபர் டை ஆக்ஸைடு வரம்புக்குள்தான் இருக்கிறது. எஃப்.ஜி.டி வைத்தால் கோடிக்கணக்கில் செலவு, தண்ணீர் தேவை, கரன்ட் விலையும் ஏறும். எல்லாமே நியாயமான கேள்விகள்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு கிலோ கந்தகம் எரிந்தால் 2 கிலோ சல்ஃபர் டை ஆக்ஸைடு வரும். ஒரு மின் நிலையம் நாளுக்கு 10,000 டன் நிலக்கரி எரிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 0.5 சதவிகிதம் என்றால் 50 டன் கந்தகம். வெளியே வருவது கிட்டத்தட்ட 100 டன். ஒரே நாளில்! தமிழ்நாட்டிலேயே எண்ணூர் வட்டாரம், மேட்டூர், தூத்துக்குடி, நெய்வேலி என்று நிலக்கரி, பழுப்பு நிலக்கரி எரிக்கும் மின் நிலையங்கள் இருக்கின்றன. 'நகரக் காற்றில் வாயு குறைவுதானே' என்றால், அந்த வாயு போகும் வழியிலேயே துகளாக மாறிவிடுகிறது. வாயுவை மட்டும் அளந்தால் பாதிக் கதைதான் தெரியும்.

விலக்கு பெறும் ஆலைகளுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. 2029 இறுதிக்குள் குறிப்பிட்ட உயரத்துக்குப் புகைபோக்கி வைத்திருக்க வேண்டும்.

புகைபோக்கி உயரம்... எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?

நாம என்ன செய்யலாம்?

மழைநீரில் பி.ஹெச் ஸ்ட்ரிப்பை முக்கி ஸ்டேட்டஸ் போடுவதால் பெரிய பயன் இல்லை. மழைநீரில் உப்புகள் ரொம்பக் குறைவு என்பதால் சாதா ஸ்ட்ரிப் சரியான எண்ணைக் காட்டாது. வண்டிக்கு ஒழுங்காக எமிஷன் டெஸ்ட் எடுங்கள், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு சவுண்டு சைலன்சர் மாட்டாதீர்கள், கரன்ட்டை வீணாக்காதீர்கள். எல்லாமே உதவும், ஆனால் ஓரளவுக்குத்தான்.

இந்தக் கதையில் நிஜமாக வேலைக்கு ஆனது மூன்று விஷயங்கள். தொடர்ந்து அளந்தார்கள், அளந்ததைப் பொதுவில் வைத்தார்கள், புகை விட்டவரையே செலவை ஏற்க வைத்தார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அனல் மின் நிலையம் இருக்கிறதா? அது எந்தப் பிரிவில் வருகிறது, எஃப்.ஜி.டி இருக்கிறதா, புகைபோக்கியில் அளக்கும் எண்கள் என்ன என்று ஆர்.டி.ஐ-யில் கேட்கலாம். பக்கத்தில் இல்லையென்றாலும் கேட்கலாம். காற்று உங்கள் ஊர் எல்லையில் வந்து நின்று பெர்மிஷன் கேட்பதில்லை என்பதைத்தான் நார்வேயின் மீன்கள் 60 வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டனவே!